சைவ, அசைவ உணவுக் குறியீடு (இந்தியா)

சைவ, அசைவ உணவுக் குறியீடு என்பது இந்தியாவில் பொதி செய்து விற்கப்படும் உணவில் விலங்குவழிப் பொருள் கலந்துள்ளதா என்பதைக் காட்ட, மேலுறையில் கட்டாயமாக அச்சிடப்படும் அடையாளம் ஆகும். பச்சைச் சதுரத்தினுள் உள்ள பச்சை வட்டம் சைவத்தையும், பழுப்புச் சதுரத்தினுள் உள்ள பழுப்பு முக்கோணம் அசைவத்தையும் குறிக்கும். எழுத்தறியாதவரும் இதனைப் புரிந்துகொள்ளலாம்.

வரலாறு

1955ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடுப்பு விதிகளில் 2000, 2001 ஆகிய ஆண்டுகளில் செய்யப்பட்ட திருத்தங்களின் மூலம் இக்குறியீடுகள் அறிமுகமாயின. அப்போது இரண்டுமே வட்டங்களாக இருந்தன. நிறம் ஒன்றே வேறுபாடு என்பதால் நிறக்குருடு உடையோர்க்கு இவற்றைப் பிரித்தறிவது கடினமாயிற்று. இது தொடக்கத்திலேயே கவனித்திருக்க வேண்டிய குறை. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிமுறைகளில் அசைவக் குறியீடு முக்கோணமாக மாற்றப்பட்டது.

வரையறை

இறைச்சி, மீன், முட்டை மற்றும் பிற விலங்குவழிப் பொருட்கள் எவ்வளவு சிறிய அளவில் சேர்ந்திருந்தாலும் அவ்வுணவு அசைவமே. ஆனால் பால், பாற்பொருட்கள், தேன், தேன்மெழுகு, அரக்கு ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. எனவே முட்டை சேர்த்த கேக் அசைவம். நெய்யில் செய்த மைசூர்பாகு சைவம். விலங்குவழிப் பொருட்களை முற்றிலும் தவிர்க்கும் நனிசைவர்களுக்குப் பச்சை வட்டம் போதிய தகவலைத் தருவதில்லை. அவர்களுக்கான தனிக் குறியீட்டுக்கு 2022இல் விதிமுறைகள் வெளியாயின.

சேர்க்கைப் பொருட்கள்

உண்மையான சிக்கல் எண்களில் உள்ளது. உடனடி நூடுல்ஸ், உருளைக்கிழங்கு வறுவல் போன்றவற்றில் சுவைகூட்டியாகச் சேர்க்கப்படும் இ631 (டைசோடியம் இனோசினேட்டு) இறைச்சி அல்லது மீனிலிருந்தும் பெறப்படலாம், நொதித்தல் முறையிலும் தயாரிக்கப்படலாம். எண்ணை மட்டும் படிப்பவருக்கு மூலம் தெரியாது. தில்லி உயர் நீதிமன்றம் 2021 திசம்பரில் அளித்த ஆணையில், ஒவ்வொரு சேர்க்கைப் பொருளும் தாவரம், விலங்கு, ஆய்வகம் ஆகியவற்றுள் எதிலிருந்து பெறப்பட்டது என்பதை எண்ணோடு நில்லாமல் வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும் எனக் கூறியது.

பொருந்தும் எல்லை

இவ்விதி பொதி செய்யப்பட்ட உணவுக்கே உரியது. செங்கல்பட்டு மாவட்டத்தில் கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் ஆகிய கடலோர ஊர்களில் கூடையில் வைத்து விற்கப்படும் நெத்திலிக்குக் குறியீடு தேவையில்லை, பார்த்தாலே தெரியும். அதே நெத்திலி கருவாடாகி உறையிலிடப்பட்டுக் கடைக்கு வந்தால் பழுப்பு முக்கோணம் கட்டாயம். மருந்துகள் இவ்விதியின் கீழ் வருவதில்லை. ஆகையால் விலங்குகளின் தோல், எலும்பு ஆகியவற்றிலிருந்து பெறப்படும் ஜெலட்டினால் ஆன மருந்துக் குளிகைகளின் உறையில் இம்முக்கோணம் கட்டாயமில்லை.