துண்டும் உறுதியும்: மலையகத் தோட்டங்களில் கடனும் உடைமையும்

மலையகப் பெருந்தோட்டங்களின் பொருளியல் வரலாறு பெரிதும் ஏற்றுமதிப் புள்ளிவிவரங்களையும் கூலி வீதங்களையும் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. அத்தோட்டங்களில் எது யாருக்கு உடைமையாயிருந்தது, அவ்வுடைமைக்கு எந்த ஆவணம் சான்றாயிற்று என்னும் வினா அதேயளவு கவனம் பெற்றதெனக் கூறவியலாது. நுவரெலியா, ஹற்றன் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த குடும்பங்களின் கையில் நிலவுறுதி இருந்ததில்லை. ஆயின், அவர்களைக் குறித்த வேறோர் ஆவணம் ஒரு காலத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாறியது. அவர்தம் கடனைக் குறித்த 'துண்டு' என்பதே அது. இவ்விரு தாள்களுக்கும் இடையேயுள்ள தொடர்பை ஆராய்வதே எமது நோக்கமாகும்.

தோட்டங்களின் தோற்றமே ஓர் ஆவணச் சிக்கலுடன் தொடங்கியது என்பது ஈண்டு நோக்கத்தக்கது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமைச் சான்று காட்டப்படாத காடுகளையும் தரிசு நிலங்களையும் முடிக்குரிய நிலங்களெனக் கொண்டது. வழக்காற்றின்படி அவற்றைப் பயன்படுத்திவந்த கண்டிச் சிங்களக் குடியானவர்களிடம் எழுத்துச் சான்று அரிதாகவே இருந்தது. ஏக்கர் ஐந்து சிலிங் என்ற விலையில் விற்கப்பட்ட அந்நிலங்களை வாங்கியோருள் ஆளுநர் உட்படக் குடியேற்ற அரசின் உயரதிகாரிகள் பலரும் இருந்தனர். சட்டத்தை இயற்றியவரும் அதனால் ஆதாயம் பெற்றவரும் ஒரே வட்டத்தினராயினர்.

கோப்பிப் பயிர்ச்செய்கை பருவகால உழைப்பையே பெரிதும் வேண்டி நின்றது. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தேயிலையைப் பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலை மலைநாடெங்கும் பரவியது. ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டியிருந்தமையால், குடும்பங்களாக நிலைத்து வாழும் உழைப்பாளர் தேவைப்பட்டனர். அவர்களைத் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து திரட்டியவர் கங்காணியாவார்.

இத்திரட்டலின் அடித்தளம் கடனே. தோட்டத்துரை பெரிய கங்காணிக்கு முற்பணம் அளித்தார். அவர் தம்கீழிருந்த சில்லறைக் கங்காணிகள் வழியாக அதனைக் கூலியாட்களுக்குப் பகிர்ந்தார். கங்காணிகள் சிலர் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களிடமும் வட்டிக்குப் பணம் பெற்றனர். ஊரில் இருந்த பழைய கடன், வழிச்செலவு, உணவு, உடை யாவும் தொழிலாளியின் பெயரில் ஏறின. தோட்டத்தை அடையுமுன்னரே அவர் கடனாளியாயினார். கலியாணம், சாவு முதலியவற்றுக்குக் கங்காணியிடம் பெற்ற தொகைகள் பின்னர் இதனுடன் சேர்ந்தன. கங்காணி பலவேளைகளில் உறவினராகவும் ஊரவராகவும் இருந்தார். ஆபத்துக்கு உதவினார் என்பதும் மறுக்கற்பாலதன்று. ஆயின், கடன் கொடுத்தவரே வேலை வாங்குபவராகவும் கணக்கு வைப்பவராகவும் இருந்தார். பெயர் போடப்பட்ட ஒவ்வோர் ஆளுக்கும் அவருக்குத் தலைக்காசு கிடைத்தது. எழுத்தறிவற்ற தொழிலாளி அக்கணக்கைச் சரிபார்க்க வழியில்லை.

ஒரு கங்காணி தம் ஆட்களுடன் வேறு தோட்டத்துக்குச் செல்ல விரும்பினால், துரை அவருக்கு ஒரு துண்டு எழுதிக் கொடுத்தார். இன்ன தொகையைச் செலுத்தினால் இவ்வாட்கள் விடுவிக்கப்படுவர் என்பதே அதன் சாரம். புதிய தோட்டம் அத்தொகையைச் செலுத்தி, மேலும் முற்பணம் அளித்து ஆட்களைப் பெற்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் றப்பர்ச் செய்கை விரிவடைய, ஆட்களுக்கான போட்டி மிகுந்தது. துண்டிற் குறித்த தொகைகளும் பெருகின. தொழிலாளி புதிதாக ஒரு சதமேனும் பெறாதபோதும் அவரை மீட்கும் விலை உயர்ந்தது. அவரது கடன் பிறரிடையே கொடுக்கல் வாங்கலுக்குரிய பண்டமாயிற்று. 1908ஆம் ஆண்டின் தொழிலாளர் ஆணைக்குழுவும் இக்கடன் சிக்கலை ஆராய வேண்டியதாயிற்று.

கடனைத் திருப்பிச் செலுத்துதல் அறமென்பது எம்மவரிடையே வேரூன்றிய கருத்து. அந்நம்பிக்கையே இம்முறையின் வலுவாகவும் அமைந்தது. எனினும், கடன்பட்டவர் பெறாத தொகைக்கும் அவர் அறியாத கணக்குக்கும் அவ்வறம் பொருந்துமா? சட்டம் இவ்வினாவை எழுப்பவில்லை. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்குதல் சிறைத் தண்டனைக்குரிய குற்றமாயிருந்தது. வணிகர் ஒருவர் ஒப்பந்தத்தை மீறினால் அது குடியியல் வழக்கு; கூலியாள் மீறினால் அது குற்றவியல் வழக்கு.

சேர் பொன்னம்பலம் அருணாசலம் முதலியோர் இவ்வநீதியை எதிர்த்தனர். 1919இல் அவர் இலங்கைத் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தை நிறுவினார். 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஒறுப்பு விதிகளும் அக்காலப்பகுதியில் நீக்கப்பட்டன. கங்காணியின் பிடி உடனே தளர்ந்துவிடவில்லை. 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்த கோ. நடேசய்யர் அப்பிடியை எதிர்த்தே இயக்கம் நடத்தினார்.

துண்டு மறைந்தது, உறுதி வரவில்லை. பன்னிரண்டடி நீளமும் பத்தடி அகலமுமான லயக்காம்பரா வேலையுடன் பிணைக்கப்பட்டிருந்தது. 1946இல் கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மயர் தோட்டத்தை நிலமற்ற கிராமத்தவர்க்கு வழங்க அரசு சுவீகரித்தபோது, வெளியேற மறுத்த தொழிலாளர்மீது அத்துமீறியிருந்த குற்றம் சாட்டப்பட்டது. 1840இல் உறுதியற்ற சிங்களக் குடியானவர் காட்டை இழந்தனர். ஒரு நூற்றாண்டின் பின் உறுதியற்ற தமிழ்த் தொழிலாளி வாழிடத்தை இழந்தார். ஒருவர் இழப்பை மற்றவர் இழப்பால் ஈடுசெய்ய முற்பட்ட அரசு, இருவரையும் எதிரெதிரே நிறுத்தியது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் உரியவராக வகுத்தது. எஞ்சிய 150,000 பேரின் நிலை பின்னர் முடிவுசெய்ய விடப்பட்டது. செல்வோர் சேமலாப நிதி, பணிக்கொடை உள்ளிட்ட தம் உடைமைகளைக் கொண்டுசெல்லலாம் என்றும், ஒரு குடும்பத்துக்கான உச்ச வரம்பு 4,000 ரூபாவுக்குக் குறைக்கப்படாது என்றும் அவ்வொப்பந்தம் கூறியது. மூன்று தலைமுறையின் உழைப்பில் உடைமையென எண்ணத்தக்கது 1958ஆம் ஆண்டின் சட்டத்தால் வந்த சேமலாப நிதியே. காடழித்து ஆக்கிய மலைச்சரிவும் லயத்தின் பின்புறத்துக் காய்கறிப் பாத்தியும் எக்கணக்கிலும் இடம்பெறவில்லை.

1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1992இல் அவற்றின் நிருவாகம் தனியார் கம்பனிகளுக்கு மீண்டது. ஈரிடத்தும் உடைமையாளர் மாறினர். குடியிருப்போரின் நிலை மாறவில்லை. அண்மைக் காலத்தில் ஏழு பேர்ச் காணியுடன் தனிவீடுகள் சில கட்டப்பட்டுள்ளன. 2017இல் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். எனினும், லயங்களில் வாழும் குடும்பங்கள் இன்னும் மிகப் பல.

இக்காணி வழங்கலை அரசின் கருணையாகவோ நட்புநாட்டின் கொடையாகவோ பேசுவது வழக்கமாகியுள்ளது. வரலாற்றை நோக்குமிடத்து அது பழைய கணக்கின் ஒரு பகுதியென்றே நாம் கருதுகிறோம். தொழிலாளி செலுத்த வேண்டியதைத் துண்டு சதக்கணக்கில் எழுதி வைத்தது. அவருக்குச் செலுத்த வேண்டியதை எவரும் எழுதி வைக்கவில்லை. அவ்விரண்டாம் பக்கத்தை எழுதுவது ஆய்வாளரின் கடன்.