ரெண்டு வீட்டுலயும் இடமில்லாத ஒருத்தர்

இன்னைக்குக் கதை அரிசோனா பாலைவனத்துக்குப் போகும். ஆனா ஆரம்பிக்கிறது ஒரு துறைமுகத்துல. காசிமேட்டுல உட்கார்ந்து ரெக்கார்ட் பண்றவனுக்கு அது போதாதா?

1934, சான் ஃபிரான்சிஸ்கோ. கப்பல்ல சரக்கு ஏத்தி இறக்குற தொழிலாளிங்க ஸ்ட்ரைக். ஜூலை 5 அன்னைக்கு போலீஸ் சுட்டதுல ரெண்டு பேர் செத்தாங்க, அப்புறம் ஊரே வேலையை நிறுத்துச்சு. அந்தப் போராட்டத்துல ஹாரி ஹேன்னு 22 வயசு நடிகர் ஒருத்தரும் இருந்தாரு. கம்யூனிஸ்ட் கட்சிக்கு அவர் போன பாதை அதுதான். (1923லயே சிங்காரவேலர் மெட்ராஸ் கடற்கரையில மே தினம் கொண்டாடிட்டாரு, அதனால இந்த ரூட் நமக்குப் புதுசு இல்ல.)

ஹே ஒரு தன்பாலீர்ப்பாளர். கட்சி அப்படிப்பட்டவங்களைச் சேர்த்துக்காது. 1950ல லாஸ் ஏஞ்சல்ஸ்ல சில தோழர்களோட மேட்டசின் சொசைட்டியை ஆரம்பிச்சாரு. அதுக்காகக் கட்சியை விட்டாரு. 1953ல, மெக்கார்த்தி பயம் உச்சத்துல இருந்தப்போ, 'கம்யூனிஸ்ட் ஆளுங்களால நமக்கு ஆபத்து'ன்னு சொசைட்டிக்குள்ளயே பேச்சு கிளம்பி, ஆரம்பிச்சவங்களே வெளியேற வேண்டியதாச்சு. அங்க தன்பாலீர்ப்பாளர்னு ஆகாது, இங்க கம்யூனிஸ்ட்னு ஆகாது.

1979ல அவருக்கு 67 வயசு. துணைவர் ஜான் பர்ன்சைட், டான் கில்ஹெஃப்னர், மிட்ச் வாக்கர் இவங்களோட சேர்ந்து, தன்பாலீர்ப்பு ஆண்களுக்குன்னு ஓர் ஆன்மிகக் கூடுகைக்கு அழைப்பு விட்டாரு. இடம், அரிசோனாவுல ஸ்ரீ ராம் ஆசிரமம். ஆமா, அதே ராமர்தான்! செப்டம்பர் தொடக்கத்துல, அவங்க தொழிலாளர் தின லீவுல, 200 பேருக்கு மேல வந்தாங்க. வட்டமா உட்கார்ந்து பேசினாங்க. சேத்தைக் குழைச்சு உடம்பெல்லாம் பூசிக்கிட்டாங்க. 'நாங்களும் உங்களை மாதிரிதான்'னு கெஞ்ச வேண்டாம், நாம வேற மாதிரி, அந்த வேற்றுமைக்கு ஓர் அர்த்தம் இருக்குங்கறது ஹேயோட வாதம். வச்சுக்கிட்ட பேரு ராடிக்கல் ஃபேரீஸ். 'ஃபேரி' அங்க வசைச்சொல். நம்ம தெருவுல 'ஒம்போது'ன்னு கத்துவாங்களே, அப்படி. அதையே எடுத்துச் சூடிக்கிட்டாங்க.

எல்லாம் புனிதம்னு நான் சொல்லமாட்டேன். வந்தவங்கள்ல பெரும்பாலும் வெள்ளைக்காரங்க. பூர்வகுடி மக்களோட சடங்குகளை இஷ்டத்துக்கு எடுத்துக்கிட்டாங்கன்னு விமர்சனம் உண்டு, அது நியாயம்தான். சீக்கிரமே அதிகாரச் சண்டை வந்து வாக்கரும் கில்ஹெஃப்னரும் விலகிட்டாங்க.

கூவாகத்துல திருநங்கைகளுக்கு அரவான் இருக்காரு, சித்திரைப் பௌர்ணமி இருக்கு, கட்டிக்கத் தாலி இருக்கு. ஹேக்குக் கையில கதையே இல்ல, அதான் சேத்துல இருந்து தொடங்கினாரு. நம்ம பக்கத்துப் பசங்களுக்கு? 2018 செப்டம்பர் 6ல உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பால இப்ப அவங்க குற்றவாளி இல்ல. ஆனா ஒரே ரூம்ல அஞ்சு பேர் படுக்கிற வீட்டுல, மனசு விட்டுப் பேச ஒரு மூலை வேணுமே. தீர்ப்பு அதைக் கட்டித் தராது.

ஃபேரீஸ் பின்னாடி ஒரேகான்ல வுல்ஃப் கிரீக்ங்கிற இடத்துல சொந்த நிலம் வாங்கினாங்க. கடைசிக் காலத்துல ஹேயைப் பார்த்துக்கிட்டதும் அவங்கதான். 2002 அக்டோபர்ல, 90 வயசுல, அதே சான் ஃபிரான்சிஸ்கோவுல செத்துப்போனாரு.