மாமல்லபுரம் கடற்கரையில் படகு என்ஜின்கள்

செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரையில் மீன்பிடித்தொழில் பாயிலிருந்தும் துடுப்பிலிருந்தும் என்ஜினுக்கு மாறியது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிகழ்ந்தது. கோவளம், நெம்மேலி, பட்டிபுலம், தேவனேரி, மாமல்லபுரம், கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் முதலிய மீனவக் குப்பங்கள் இக்கரையில் உள்ளன. இம்மாற்றத்தால் பிடிக்கும் தொலைவும் வேகமும் கூடின. காற்று விழுவதும் திசை மாறுவதும் முன்பு மீனவரின் கவலையாக இருந்தன. இப்போது "என்ஜின் கிளம்புமா?" என்பதே முதல் கவலை. இக்கட்டுரை அம்மாற்றத்தின் வரலாற்றையும், என்ஜின் கிளம்பாமல் போவதற்கான காரணங்களையும் கூறுகிறது.

என்ஜினுக்கு முன்

இக்கரையின் பழைய கலம் கட்டுமரம். மிதக்கும் தன்மையுள்ள சில மரத்துண்டுகளைச் செதுக்கிக் கயிற்றால் சேர்த்துக் கட்டுவது அது. ஆங்கில மாலுமி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைப் பற்றி எழுதினார். ஆங்கிலத்தில் உள்ள 'கேட்டமரான்' என்னும் சொல் இத்தமிழ்ச் சொல்லிலிருந்து வந்ததே.

இங்குத் துறைமுகம் கிடையாது. திறந்த மணற்கரையிலிருந்து அலைகளைக் கடந்தே கடலுக்குள் போக வேண்டும். நீர் நிறைந்து மூழ்காத, கரையில் அவிழ்த்து உலர்த்தக்கூடிய கட்டுமரம் இதற்குப் பொருத்தமாக இருந்தது. அதன் பழுதுகளை மீனவரே சரிசெய்தனர். கயிறு அறுந்தால் மாற்றுக் கயிறு, பாய் கிழிந்தால் ஊசி நூல். கோளாறு என்ன என்பது கண்ணால் பார்த்தாலே தெரியும்.

என்ஜின் வந்த வழி

அமெரிக்காவில் ஓலே எவின்ரூட் 1909இல் விற்பனைக்குக் கொண்டுவந்த வெளிப்பொருத்து என்ஜின், அதாவது அவுட்போர்டு மோட்டார், சிறு படகுகளின் போக்கை மாற்றியது. படகின் பின்புறத்தில் மாட்டி, வேண்டாதபோது கழற்றி எடுத்துக்கொள்ளலாம் என்பது அதன் சிறப்பு.

குளிர்நாடுகளில் பனிமேல் ஓடும் ஸ்நோமொபைல் வண்டிகளும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. யமஹா நிறுவனம் 1960இல் படகு என்ஜினையும் 1968இல் ஸ்நோமொபைலையும் அறிமுகப்படுத்தியது. இரண்டிலும் நெடுங்காலம் பயன்பட்டது கயிறு இழுத்துக் கிளப்பும் இரு வீச்சு என்ஜின். எனவே கனடாவின் பனியில் கிளம்பாத வண்டிக்கும் கொக்கிலமேட்டு மணலில் கிளம்பாத படகுக்கும் காரணங்கள் பெரும்பாலும் ஒன்றே.

இந்தியாவில் மீன்பிடிப் படகுகளை இயந்திரமயமாக்கும் முயற்சிகளில் முக்கியமானது, 1952இல் ஒப்பந்தமாகிக் கேரளத்தின் நீண்டகரைப் பகுதியில் நடந்த இந்திய-நார்வே திட்டம். தமிழ்நாட்டில் பெரிய விசைப்படகுகள் துறைமுக வசதியுள்ள காசிமேடு போன்ற இடங்களில் பெருகின. மாமல்லபுரம் போன்ற மணற்கரைகளில் அவற்றை நிறுத்த இடமில்லை. 1979இல் தொடங்கிச் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் கீழ், இத்தகைய கரைகளில் ஏறி இறங்கக்கூடிய என்ஜின் படகுகளை ஆராய்ந்தது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இம்மாற்றத்தை விரைவுபடுத்தியது. கட்டுமரங்களும் படகுகளும் பெருமளவில் அழிந்தன. நிவாரணமாக வந்தவற்றில் கண்ணாடியிழைப் படகுகள் அதிகம். உப்புநீரும் மணலும் புகுந்த என்ஜின்களைப் பழுதுபார்ப்பதும் அன்றைய நிவாரணப் பணிகளில் ஒன்றாக இருந்தது.

இருவகை என்ஜின்கள்

தமிழ்நாட்டுக் கடற்கரையில் இரண்டு வகைகள் பரவின. ஒன்று, பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடும் அவுட்போர்டு. மற்றொன்று, நீண்ட தண்டின் முனையில் விசிறி பொருத்திய டீசல் என்ஜின். நீண்ட தண்டைச் சட்டென நீருக்கு மேல் தூக்கிவிடலாம் என்பதால் ஆழம் குறைந்த மணற்கரைக்கு அது ஏற்றது.

கிளம்பாமைக்கான காரணங்கள்

பெட்ரோல் என்ஜின் கிளம்பத் தேவையானவை மூன்று: சரியான அளவில் காற்றோடு கலந்த எரிபொருள், உரிய நேரத்தில் தீப்பொறி, போதிய அழுத்தம். சோதனையை எளிதான இடத்தில் தொடங்க வேண்டும்.

1. நிறுத்து சுவிட்ச்: ஓட்டுபவர் கையில் கட்டும் பாதுகாப்புக் கயிற்றின் கொக்கி அதன் இடத்தில் இல்லையென்றால் தீப்பொறி வராது.

2. எரிபொருள் வழி: தொட்டி மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருந்தால் எரிபொருள் இறங்காது. குழாயில் உள்ள ரப்பர் குமிழை அழுத்தும்போது அது இறுக வேண்டும். இறுகாவிட்டால் பெரும்பாலும் எங்கோ காற்று புகுகிறது அல்லது தொட்டி காலி.

3. பிளக்: கழற்றிப் பார்த்தால் பாதி விடை கிடைக்கும். பல முறை கயிறு இழுத்த பிறகும் பிளக் உலர்ந்திருந்தால் எரிபொருள் வரவில்லை. நனைந்திருந்தால் எரிபொருள் வருகிறது. தீப்பொறி இல்லை அல்லது எரிபொருள் மிகுந்துவிட்டது. பிளக்கைத் துடைத்து, சோக்கைத் திறந்து, சற்றுப் பொறுத்து இழுக்க வேண்டும். தீப்பொறியைச் சோதிக்கும்போது அருகில் எரிபொருள் சிந்தியிருக்கக் கூடாது.

4. அழுத்தம்: கயிறு வழக்கத்தைவிட லேசாக வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். இது பட்டறை வேலை.

டீசல் என்ஜினுக்குப் பிளக் இல்லை. காற்றை அழுத்துவதால் உண்டாகும் வெப்பமே டீசலைப் பற்றவைக்கிறது. அங்கே முதலில் பார்க்க வேண்டியவை குழாயில் சிக்கிய காற்றும் டீசலில் கலந்த நீரும். வடிகட்டியில் தேங்கிய நீரை வடித்து, காற்றை வெளியேற்றினாலே பல என்ஜின்கள் கிளம்பிவிடும்.

மண்ணெண்ணெயின் தனிக்குணம்

பெட்ரோல் சுமார் -40 டிகிரி செல்சியசிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவியாகும். மண்ணெண்ணெய்க்கு சுமார் 35 டிகிரிக்கு மேல் வேண்டும். விடியற்காலையில் குளிர்ந்திருக்கும் என்ஜினில் அது எளிதில் ஆவியாகாது. அதனால்தான் பெட்ரோலில் கிளப்பி, சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறார்கள். நிறுத்துவதற்குச் சற்றுமுன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்ற வேண்டும். மறந்தால் கார்புரேட்டரில் மண்ணெண்ணெயே தங்கி, மறுநாள் என்ஜின் அடம்பிடிக்கும்.

தடைக்காலமும் துருவும்

ஸ்நோமொபைல் கோடை முழுதும் ஓய்வில் கிடக்கிறது. முதல் பனி விழும் நாளில் அது கிளம்ப மறுப்பது குளிர்நாடுகளில் வழக்கமான புகார். வங்கக்கரையிலும் இப்படி ஓர் ஓய்வுக்காலம் உண்டு. மீன்வளப் பாதுகாப்புக்கான ஆண்டுத் தடை 2001இல் 45 நாட்களாகத் தொடங்கி, 2017 முதல் 61 நாட்களாக நீண்டது. கிழக்குக் கரையில் அது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. இத்தடை முதன்மையாக விசைப்படகுகளுக்கானது. சிறு படகுகளின் என்ஜின்களோ புயல் எச்சரிக்கை, வாடைக்காலக் கொந்தளிப்பு, பழுது எனப் பல காரணங்களால் கரையில் கிடக்கின்றன.

கிடக்கும் காலத்தில் பெட்ரோல் ஆவியாகிப் பிசின் படிந்து கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைக்கும். இந்தியா 2022 ஜூனில் பெட்ரோலில் 10 சதவீத எத்தனால் கலப்பை எட்டியது. பின்னர் அது மேலும் உயர்ந்தது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். ஈரம் மிகுந்தால் நீரும் எத்தனாலும் பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். எனவே ஓய்வுக்கு முன் தொட்டியையும் கார்புரேட்டரையும் வடித்துவிடுவது நல்லது. நல்ல நீரால் என்ஜினைக் கழுவி, பிளக் துளையில் சிறிது எண்ணெய் விட்டுக் கயிற்றை மெல்ல இழுத்துவைத்தால் உள்ளே துரு பிடிக்காது.

அலையில் கவிழ்ந்து நீர் புகுந்த அவுட்போர்டைக் காயவைத்துப் பிறகு பார்க்கலாம் என விடுவது தவறு. உப்பு உடனே அரிக்கத் தொடங்கும். நல்ல நீரில் கழுவி, பிளக்கைக் கழற்றி நீரை வெளியேற்றி, எண்ணெய் விட்டு, அன்றே ஓட்ட வேண்டும். மணல் புகுந்திருந்தால் மட்டும் கயிறு இழுக்கக் கூடாது. பிரித்துச் சுத்தம் செய்த பிறகே கிளப்ப வேண்டும்.

இழந்ததும் எஞ்சியதும்

பாயோடு போன கட்டுமரத்துக்குக் காற்று நின்றால் துடுப்பு இருந்தது. கண்ணாடியிழைப் படகில் பாய்மரம் பெரும்பாலும் இல்லை. வலையும் ஆளும் ஏறிய படகைத் துடுப்பால் நெடுந்தூரம் தள்ளவும் இயலாது. என்ஜின் நின்றால் படகு நீரோட்டத்தின் கையில். அலை உடையும் இடத்தில் நின்றால் நொடியில் கவிழும். பாய் விரிக்கும் திறனோ மூத்த மீனவரோடு மறைந்து வருகிறது.

பழைய தற்காப்பின் இடத்தில் இன்று இருக்க வேண்டியவை சிறியவை: மாற்றுப் பிளக், அதற்கான ஸ்பானர், மாற்றுக் கயிறு, துடுப்பு, நங்கூரம், மிதவை அங்கி, கடலோரக் காவல்படையின் 1554 என்னும் உதவி எண். இவற்றோடு, கோளாறை வரிசையாகத் தேடும் அறிவு படகில் ஒருவருக்காவது வேண்டும். கட்டுமரக் காலத்தில் கலத்தைச் செப்பனிடும் அறிவு குப்பத்திலேயே இருந்தது. என்ஜின் காலத்திலும் அது பட்டறையில் மட்டும் தங்காமல் படகில் ஏறிச் செல்வது உயிர்காக்கும்.