நிணநீர்ச் சுரப்பியின் அகணி: ஆக்சிஜனேற்ற அழுத்தமும் குருத்தணு வேறுபாடும் குறித்த ஒரு மறுவாசிப்பு

குருதிக் குருத்தணுவில் வினைபடு ஆக்சிஜன் குறைவாக இருந்தால் குருத்துத்தன்மை நிலைக்கும். கூடினால் செல் வேறுபாடடையும். மேலும் கூடினால் அழியும். இத்துறையில் நெடுநாளாகப் புழங்கிவரும் இந்த ஒற்றைக்கோட்டு விளக்கம், எலிச் சான்றுகளை மட்டும் வைத்துப் பார்த்தால் பொருந்துவதாகவே தோன்றும். ஓவுசு-ஆன்சாவும் உத்பல் பானர்ஜியும் 2009-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட பழ ஈ ஆய்வையும் அதற்குத் துணையாகக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. அந்த ஆய்வு இவ்விளக்கத்துக்குத் துணை நிற்கவில்லை என்பதே என் வாதம்.

பழ ஈயான டிரோசோஃபிலாவின் புழுவில், நிணநீர்ச் சுரப்பியில் முன்னோடிச் செல்கள் அகணியிலும் முதிர்ந்த குருதிச் செல்கள் புறணியிலும் அமைந்துள்ளன. சுரப்பியைப் பிரித்தெடுத்து, வினைபடு ஆக்சிஜனைக் காட்டும் டைஹைட்ரோஎதிடியம் சாயத்தை ஏற்றினால் அகணி சிவந்து ஒளிர்கிறது; புறணி மங்கிக் கிடக்கிறது. அதாவது, இன்னும் வேறுபாடடையாத செல்லில்தான் வினைபடு ஆக்சிஜன் மிகுதி. முதிர்ந்த செல்லில் அது தணிந்துவிடுகிறது. ஒற்றைக்கோட்டின்படி இது தலைகீழ். ஆனால் மேற்கோள் காட்டுவோர் பெரும்பாலும் இந்தப் படத்தைத் தாண்டி அடுத்த சோதனைக்குப் போய்விடுகிறார்கள். மைட்டோகாண்ட்ரியாவின் முதலாம் கூட்டமைப்பைக் குலைத்து அளவை இயல்புக்கு மேல் உயர்த்தினால் முன்னோடிகள் காலத்துக்கு முன்பே முதிர்கின்றன. துப்புரவு நொதிகளால் அளவைத் தணித்தால் முதிர்ச்சி தாமதமாகிறது. இதை மட்டும் படித்தால் வினைபடு ஆக்சிஜன் வேறுபாட்டை ‘ஏவுகிறது’ என்றுதான் முடிவு கட்டத் தோன்றும்.

இரண்டையும் சேர்த்துப் படிக்கவேண்டும். இயல்பிலேயே உயர்ந்த அளவைச் சுமந்துகொண்டும் அகணிச் செல் முன்னோடியாகவே நீடிக்கிறது; சுரப்பியின் பின்முனை நுண்ணிடத்திலிருந்து வரும் ஹெட்ஜ்ஹாக் சைகை அதைப் பிடித்துவைக்கிறது. அளவு மிஞ்சும்போதும் பிளாஸ்மட்டோசைட், கிரிஸ்டல் செல், லாமெல்லோசைட் ஆகிய மூவகையும் உருவாகின்றன. எந்த வகை என்பதை வினைபடு ஆக்சிஜன் தீர்மானிப்பதில்லை. அகணியில் அது செய்வது முதிர்ச்சிக்கு ஆயத்தப்படுத்துவது மட்டுமே. அதே குழுவினர் 2012-இல் காட்டியது இன்னும் கூர்மையானது. ஒட்டுண்ணிக் குளவி முட்டையிட்ட புழுவில் நுண்ணிடச் செல்களிலேயே வினைபடு ஆக்சிஜன் உயர்கிறது. அவை ஸ்பிட்ஸ் என்னும் புரதத்தைச் சுரக்க, லாமெல்லோசைட்டுகள் பெருகுகின்றன. மூலக்கூறு ஒன்றுதான், எந்தச் செல்லில் எழுகிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறிவிடுகிறது.

ஃபாக்ஸோ புரதத்திலும் இதே சிக்கல் எழுகிறது. ஈயில் அது ஜேஎன்கே பாதையோடு சேர்ந்து, பாலிகோம்ப் அடக்கத்தையும் தளர்த்தி, முதிர்ச்சியை நிறைவேற்றுகிறது. எலியிலோ மூன்று ஃபாக்ஸோ மரபணுக்களையும் நீக்கியபோது வினைபடு ஆக்சிஜன் பெருகிக் குருத்தணுக்கள் குன்றின. அசெட்டைல்சிஸ்டீன் கொடுத்ததும் மீண்டன. ஓரிடத்தில் வினைபடு ஆக்சிஜனின் கருவி, மற்றோரிடத்தில் அதற்கான தடுப்பு. ஒரே அளவுகோலில் இரண்டையும் அடக்க முடியாது.

சாயத்தின் மீதான ஐயம் நியாயமானது. எலி ஆய்வுகளில் புழங்கும் டிசிஎஃப் சாயம் ஹைட்ரஜன் பெராக்சைடுக்கு மட்டும் உரியதன்று. இரும்பும் பெராக்சிடேஸ்களும் அதை ஒளிரவைக்கும். குருதிக் குருத்தணு சாயங்களை வெளியேற்றுவதில் கைதேர்ந்தது. மைட்டோட்ராக்கர் கிரீன் சாயத்தின் ஒளி குறைந்ததால் மைட்டோகாண்ட்ரியா குறைவு என்று கொண்ட முடிவை 2017-இல் சாயமில்லா முறைகள் புரட்டிப்போட்டன. ‘குறைந்த வினைபடு ஆக்சிஜன்’ என்ற எலிப் படிமத்திலும் இத்தகைய கலப்பு எவ்வளவு என்பது கேட்கப்படவேண்டியது. முழுவதும் சாயத்தின் மாயம் என்று நான் சொல்லவில்லை. பழ ஈயில் வெளியேற்றம் நடந்திருந்தால் அகணி மங்கியிருக்குமே தவிர ஒளிர்ந்திருக்காது. அசெட்டைல்சிஸ்டீன் தூய துப்புரவாளி அன்று என்ற மறுப்பும் ஈ ஆய்வைத் தொடாது. அங்கே அளவைத் தணித்தவை துப்புரவு நொதிகள். ‘ஈ எலியாகாது’ என்பார் உண்டு. ஜேஎன்கே, ஃபாக்ஸோ, பாலிகோம்ப் மூன்றும் இரண்டிலும் உள்ளன என்பதற்கு மேல் அதற்குப் பதில் தேவையில்லை.

பெரிய சிக்கல் மஜ்ஜையை எடுக்கும் மேசையில் இருக்கிறது. உயிருள்ள எலியின் மஜ்ஜையில் 2014-இல் நேரடியாக அளந்த ஆக்சிஜன் அழுத்தம் 32 மில்லிமீட்டர் பாதரசத்துக்கும் கீழே. அறைக் காற்றிலோ ஏறத்தாழ 160. காற்றில் பட்ட சில நிமிடங்களிலேயே நெடுங்காலக் குருத்தணுக்களின் எண்ணிக்கை சரிவதையும், 3 விழுக்காடு ஆக்சிஜனில் எடுத்தால் பன்மடங்கு கூடுதலாகக் கிடைப்பதையும் 2015-இல் பிராக்ஸ்மேயர் குழு காட்டியது. திறந்த காற்றில் எடுத்து அளந்த செல்களை வைத்து உடலுக்குள் உள்ள நிலையைப் பேசுவது துணிச்சல்தான். செல்லின் ஆக்சிஜனேற்ற நிலையைக் காட்டும் ரோஜிஎஃப்பி உணரியை மரபிலேயே சுமக்கும் எலிகளில், 3 விழுக்காட்டுப் பெட்டிக்குள்ளேயே மஜ்ஜையை எடுத்து, குருத்தணுவையும் அதன் நுண்ணிடச் செல்லையும் தனித்தனியே அளந்தால் இவ்வாதம் தவறா என்பது தெரிந்துவிடும்: நுண்ணிடம் எப்படியிருந்தாலும் குருத்தணுவின் அளவு மட்டுமே முதிர்ச்சியை முன்கூட்டிச் சொல்லிவிட்டால், ஒற்றைக்கோடே சரி.