வளிமண்டலத்தில் ரேடியோ அலையின் வேகம்

காற்றினூடே செல்லும் ரேடியோ அலை, வெற்றிடத்தில் செல்வதைவிடச் சற்றே தாமதிக்கிறது. கடல்மட்டத்தில் அதன் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 90 கி.மீ. குறைகிறது. மொத்த வேகம் வினாடிக்கு 2,99,792 கி.மீ. என்பதால் இது அற்பமாகத் தெரியலாம். ஆனால் அலையின் பயண நேரத்தைக் கொண்டு தொலைவைக் கணிப்பவர்களால் இதை ஒதுக்கவே முடியாது.

மின்காந்த அலையின் வேகம் ஒளியின் வேகத்தை ஒட்டியது என்பதை 1888-இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் காட்டினார். துல்லியத்துக்கான தேவை ரேடாரோடுதான் வந்தது. உலகப் போர்க்கால ஷோரான் ரேடாரை நிலஅளவைக்குப் பயன்படுத்திய அமெரிக்கர் கார்ல் அஸ்லாக்சன், அது தரும் தொலைவுகள் தரையில் முக்கோண முறையில் அளந்தவற்றைவிடத் தொடர்ந்து குறைந்துவருவதைக் கண்டார். கருவியைக் குறைசொல்லி விட்டுவிடாமல், நூல்களில் நிலைபெற்றிருந்த 2,99,776 கி.மீ. என்ற வெற்றிட வேகத்தையே அவர் சந்தேகித்தார். அதுதான் அவருடைய பெருமை. வேகத்தில் 16 கி.மீ. பிசகினால் 100 கி.மீ. தொலைவில் ஐந்து மீட்டருக்கு மேல் பிசகும். 1949-இல் அவர் கண்ட விடை 2,99,792.4. இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் லூயி எசனும் கார்டன்-ஸ்மித்தும், காற்று நீக்கிய உலோக உருளைக்குள் நுண்ணலைகளை ஒத்ததிரவைத்து 2,99,792-ஐ ஏற்கெனவே எட்டியிருந்தார்கள்.

வெற்றிட வேகம் இப்படித் தெளிவான பிறகும் காற்றின் கணக்கு மிஞ்சியது. இதில் அதிகம் மாறுவது நீராவியின் பங்குதான். நீர் மூலக்கூறின் ஒரு முனை நேர்மின், மறுமுனை எதிர்மின். ரேடியோ அலையின் மின்புலம் திசை மாறும்போதெல்லாம் மூலக்கூறும் அதற்கேற்பத் திரும்ப முயல்கிறது, அலை தாமதிக்கிறது. ஒளியின் அதிர்வோ மிக விரைவு, மூலக்கூறால் அதற்கு ஈடுகொடுத்துத் திரும்ப முடியாது. 1953-இல் ஸ்மித், வைன்ட்ராப் இருவரும் அழுத்தம், வெப்பநிலை, நீராவி மூன்றையும் இணைத்துத் தந்த சூத்திரம் நெடுங்காலம் புழக்கத்தில் இருந்தது. அதன்படி 27 பாகை வெப்பத்தில் உலர்ந்த காற்று அலையின் வேகத்தை வினாடிக்குச் சுமார் 78 கி.மீ. குறைக்கும், புழுக்கமான கடலோரக் காற்று 115 கி.மீ. வரை குறைக்கும்.

தென்னாப்பிரிக்காவின் டிரெவர் வாட்லி 1950-களில் உருவாக்கிய, ரேடியோ அலையால் தொலைவளக்கும் டெல்லுரோமீட்டரோடு குன்றேறியவர்கள், காற்றின் ஈரத்தை அறிய இரு முனைகளிலும் ஈரத்துணி சுற்றிய வெப்பமானியை நிழலில் பிடித்துப் பார்த்துக் குறித்துக்கொண்டார்கள். அந்த அளவீடு ஒரு பாகை தவறினால் பத்து கி.மீ.க்கு ஏழெட்டு சென்டிமீட்டர் பிசகும்.

1983-இல் வெற்றிட வேகம் வினாடிக்கு 29,97,92,458 மீட்டர் என்று வரையறுக்கப்பட்டு, அதைக்கொண்டே மீட்டரும் வரையறுக்கப்பட்டது. எனவே அந்த எண்ணை இனி யாரும் அளக்க வேண்டியதில்லை. காற்றின் தாமதத்தை மட்டும் இன்றும் இடந்தோறும் நாள்தோறும் கணிக்கவேண்டியிருக்கிறது. உச்சியிலிருந்து வரும் ஜி.பி.எஸ். அலைக்கு உலர்காற்று சுமார் 2.3 மீட்டர் கூடுதல் தொலைவைச் சேர்க்கிறது. நீராவி சில சென்டிமீட்டர் முதல் 40 சென்டிமீட்டர் வரை சேர்க்கிறது. நிலஅளவையாளர்கள் கழித்துவிடும் இந்த இரண்டாவது பகுதியைக் கொண்டுதான் வானிலையாளர்கள் தலைக்குமேல் எவ்வளவு நீராவி இருக்கிறது என்று கணிக்கிறார்கள்.