தோஷம் பொறுத்த கண்ணாடி

புகைப்படக் கலையைப் பிழைப்பாகக் கொள்ளாமல் ஓய்வு வேளையின் இன்பமாகக் கொண்டவர்களுக்கு, காமிராவைக் காட்டிலும் அதன் முகப்பில் பொருந்தும் லென்ஸைத் தேர்ந்தெடுப்பதில்தான் அதிக மயக்கமும் அதிகச் செலவும் நேர்வது வழக்கம். தோஷமே இல்லாத லென்ஸ் எங்கோ ஒரு கடையில், எட்டாத விலையில், தமக்காகக் காத்திருக்கிறது என்ற எண்ணம் அவர்களில் பெரும்பாலோரை விட்டு நீங்குவதில்லை. ஆனால் லென்ஸின் சரித்திரத்தைச் சற்றுப் புரட்டிப் பார்த்தால், அப்படி ஒன்று எக்காலத்திலும் இருந்ததில்லை என்பதும், ஒவ்வொரு தலைமுறையும் தனக்கு வேண்டிய ஒரு குணத்தைப் பெறும்பொருட்டு வேறொரு தோஷத்துக்குத் தெரிந்தே சம்மதித்து வந்திருக்கிறது என்பதும், எந்தத் தோஷத்துக்குச் சம்மதம் என்பது காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கிறது என்பதும் விளங்கும்.

கண்ணாடியின் இயல்பே அப்படி. ஒரே வில்லையின் ஊடே செல்லும் நீலக் கிரணமும் சிவப்புக் கிரணமும் ஒரே இடத்தில் குவிவதில்லை. நடுவே புகுந்த ஒளிக்கும் ஓரத்தில் புகுந்த ஒளிக்கும் குவியும் தூரம் வேறு. தட்டையான சுவரைப் படம் பிடித்தாலும் உள்ளே விழும் பிரதிபிம்பம் வளைந்த பரப்பிலேதான் தெளிவாக நிற்கும். செவ்வாய் தோஷமுள்ள ஜாதகத்துக்குச் செவ்வாய் தோஷமுள்ள ஜாதகத்தையே தேடிப் பொருத்துவதைப் போல, ஒரு வகைக் கண்ணாடியின் குறையை அதற்கு எதிரிடையான குறையுள்ள மற்றொரு கண்ணாடியால் தீர்ப்பதே லென்ஸ் செய்வோரின் வித்தை. 1839-ல் டாகேரின் புகைப்பட முறை பாரிஸில் உலகறிய வெளியிடப்பட்டபோது, அவருக்கு ஷார்ல் ஷெவாலியே செய்து கொடுத்திருந்த லென்ஸ் இவ்விதம் இரண்டு வில்லைகளை ஒட்டிச் செய்ததுதான். ஆயினும் ஓரங்களின் மங்கலை மறைப்பதற்காக அதன் முன்னே சிறு துவாரமுள்ள தகட்டை வைக்க வேண்டியிருந்ததால், உள்ளே புகும் ஒளி ஏறத்தாழ எஃப்/15 என்ற அளவுக்கு (இந்த எண் பெருகப் பெருக ஒளி குறையும்) சுருங்கிப் போயிற்று. கட்டடங்களும் சிலைகளும் அதற்கு ஆட்சேபம் சொல்லவில்லை. மனிதர்களோ நல்ல வெயிலிலும் பல நிமிஷங்கள் அசையாமல் உட்கார வேண்டியிருந்தது.

இந்த இக்கட்டைத் தீர்த்தவர் புகைப்படக்காரர் அல்லர். வியன்னாப் பல்கலைக்கழகத்தில் 1837 முதல் கணிதம் போதித்து வந்த ஜோசப் பெட்ஸ்வால் என்ற பேராசிரியர். அவருடைய சகாவான எட்டிங்ஸ்ஹவுஸன், பாரிஸில் டாகேரின் படங்களைக் கண்டு வியந்து, ஊர் திரும்பியதும், இந்த அற்புதத்துக்குத் தகுந்த லென்ஸ் ஒன்றைக் கணக்கிட்டுத் தரும்படி அவரைத் தூண்டினார். அதுவரையில் லென்ஸ் செய்வோர் கண்ணாடியைத் தேய்த்துப் பார்த்து, சரிப்படாவிட்டால் மறுபடியும் தேய்த்து, பெரும்பாலும் கைப்பழக்கத்தின் துணைகொண்டே வேலை செய்து வந்தனர். கண்ணாடியைத் தொடுமுன்பே கிரணங்களின் பாதையைக் காகிதத்தில் கணக்கிட்டு முடித்துவிடுவது என்ற முறை புகைப்படத் துறையில் பெட்ஸ்வாலிடம் தொடங்குகிறது. அந்தக் கணக்கோ தனி மனிதர் ஒருவர் எளிதில் முடிக்கக் கூடியதாக இல்லை. ஆஸ்திரியப் பீரங்கிப் படைக்குத் தலைவராக இருந்த லுட்விக் கோமகன், கணக்கில் தேர்ந்த பீரங்கி வீரர் சிலரை அவருக்கு உதவியாக அனுப்பினார் என்பது இந்தச் சரித்திரத்தின் சுவையான செய்திகளுள் ஒன்று. குண்டு விழும் தூரத்தைக் கணக்கிட்டுப் பழகியவர்கள், குழந்தையின் முகம் தகட்டில் தெளிவாய் விழுவதற்கு வேண்டிய கணக்கைப் போட்டார்கள். ராணுவச் செலவுகளில் இதைவிட நல்ல செலவு ஒன்றை நான் கேள்விப்பட்டதில்லை.

1840-ல் பிறந்த அந்த நான்கு வில்லை லென்ஸ் எஃப்/3.6 அளவில் திறந்தது. அதாவது ஷெவாலியேயின் லென்ஸைவிட ஏறத்தாழ 17 மடங்கு ஒளியை உள்ளே விட்டது. நிமிஷங்கள் வினாடிகளாகச் சுருங்கின. முகப்படம் எடுப்பது ஒரு தொழிலாகப் பரவ வழி பிறந்தது. ஆனால் அதற்குப் பெட்ஸ்வால் கொடுத்த விலை ஒன்று உண்டு: படத்தின் நடுப்பகுதி கூர்மையாக இருக்க, ஓரங்கள் வளைந்த பிம்பத்தில் மங்கிச் சுழன்றன. முகம் நடுவில் இருப்பதால் அது பெரிய குற்றமாக ஒருவருக்கும் படவில்லை. லென்ஸைச் செய்து விற்ற வோய்க்ட்லெண்டர் நிறுவனம் பேராசிரியருக்கு ஒரே தவணையாக 2,000 கில்டர் கொடுத்துவிட்டுப் பெரும் லாபம் ஈட்டியது. இருவருக்கும் மனஸ்தாபம் முற்றி, வோய்க்ட்லெண்டர் 1849-ல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகருக்குப் போய்த் தொழிற்சாலை அமைத்தார். 1859-ல் பெட்ஸ்வாலின் இல்லத்தில் புகுந்த திருடர்கள் அவருடைய ஒளியியல் கையெழுத்துப் பிரதிகளை நாசம் செய்துவிட, அவர் அந்தச் சாஸ்திரத்தையே கைவிட்டார். எனினும், பிம்பம் ஏன் வளைகிறது, எந்த நிபந்தனையில் அது தட்டையாகும் என்பதை அவர் முன்னமே கண்டு சொல்லியிருந்தார். அந்த நிபந்தனையை நிறைவேற்றக்கூடிய கண்ணாடிதான் அன்றைய உலகில் இல்லை.

பெட்ஸ்வால் வகை லென்ஸின் மங்கலைக் குற்றமாகப் பாராமல் வரமாகக் கொண்ட முதல் பெரிய அமெச்சூர் ஒரு பெண்மணி. கல்கத்தாவில் 1815-ல் பிறந்த ஜூலியா மார்கரெட் காமரானுக்கு, வைட் தீவில் வசித்தபோது, 48-ஆம் வயதில், மகளும் மருமகனும் ஒரு காமிராவைப் பரிசளித்தனர். பாரிஸ் நகரத்து ழாமென் செய்த லென்ஸ் ஒன்றை அவர் உபயோகித்தார். கரி போட்டு வைக்கும் அறையை இருட்டறையாகவும், கோழிக் கூண்டைக் கண்ணாடிக் கூடமாகவும் மாற்றிக்கொண்டார். பிம்பத்தைக் குவிக்கும்போது, மற்றவர்கள் வற்புறுத்தும் கூர்மை வரை திருகிக்கொண்டே போகாமல், தம் கண்ணுக்கு அழகாகத் தோன்றிய இடத்திலேயே தாம் நிறுத்திவிட்டதாக அவரே எழுதி வைத்திருக்கிறார். அக்காலத்துப் புகைப்படச் சங்கத்தார் இதைத் திறமைக் குறைவு என்று ஏளனம் செய்தனர். 1866-ல் அவர் 15 அங்குலத்துக்கு 12 அங்குலத் தகடு கொள்ளும் பெரிய காமிராவையும், லண்டன் டால்மெயர் நிறுவனத்தின் புதிய ராப்பிட் ரெக்டிலீனியர் லென்ஸையும் வாங்கிக்கொண்டார். லென்ஸ் திருந்தியது, அவர் படங்களின் மென்மை போகவில்லை. ஆகவே முதல் லென்ஸின் மங்கலும் அவருக்கு விதியாக வந்ததன்று, விருப்பமாக வந்தது என்பதே என் அபிப்பிராயம். பின்னாளில் இலங்கைக்குக் குடிபெயர்ந்து, களுத்துறையில் ஓவியர் மரியான் நார்த்தையும் தோட்டத் தொழிலாளர் சிலரையும் படம் பிடித்த அவர், 1879-ல் காலமாகிப் பொகவந்தலாவையில் அடக்கமானார்.

அந்த ராப்பிட் ரெக்டிலீனியரும், அதே 1866-ல் மியூனிக் நகரத்து ஸ்டைன்ஹைல் வெளியிட்ட அப்லனாட்டும், ஒருவரையொருவர் அறியாமல் பிறந்த இரட்டைகள் போன்ற ஒரே அமைப்புடையவை. கோபுரத்தின் நேர்கோடு படத்திலும் நேர்கோடாக வந்தது. அதற்கு ஈடாக ஒளி எஃப்/8 அளவில் நின்றது. பெட்ஸ்வாலின் நிபந்தனைக்கு உண்மையான பதில் வருவதற்கு யேனா நகரில் எர்ன்ஸ்ட் ஆபேயும் ஓட்டோ ஷாட்டும் கண்ணாடியையே புதிதாக வார்க்க வேண்டியிருந்தது. 1884-ல் அங்கே தொடங்கிய ஆலையில், பேரியம் கலந்து, ஒளியை மிகுதியாக வளைத்தும் நிறங்களை மிகுதியாகச் சிதறவிடாத கண்ணாடி வகைகள் உருவாயின. அவற்றைக் கொண்டு ஸைஸ் நிறுவனத்தின் பால் ருடால்ஃப் 1890-ல் பிம்பத்தைத் தட்டையாக்கிய அனஸ்டிக்மாட்டையும், 1902-ல் நான்கே வில்லைகள் கொண்ட டெஸ்ஸாரையும் வகுத்தார். இடையே 1893-ல், இங்கிலாந்தின் யார்க் நகரத்து டெலஸ்கோப் நிறுவனமான குக்கில் பணியாற்றிய டென்னிஸ் டெய்லர், மூன்றே வில்லைகளால் அதே காரியத்தைச் சாதித்தார். நிறுவனத்தாருக்குப் புகைப்பட லென்ஸ் செய்வதில் விருப்பமில்லாமையால், லெஸ்டர் நகரத்து வேறொரு நிறுவனம் அதைச் செய்ய முன்வந்தது. பெயர் மட்டும் குக் என்றே நிலைத்துவிட்டது.

இவ்வளவு வித்தைகள் பெருகியும், சாதாரண அமெச்சூருக்குத் தேர்வு என்பதே நெடுங்காலம் கிட்டவில்லை. 1888-ல் வந்த கோடாக்கிலும், 1900-ல் ஒரு டாலருக்கு வந்த பிரௌனியிலும், தொழிற்சாலை பொருத்திய லென்ஸே கடைசி வரைக்கும் லென்ஸ். இந்த நிலையை மாற்றியது ஒரு திருகு வளையம். வெட்ஸ்லார் நகரத்து லைட்ஸ் நிறுவனத்தில் ஆஸ்கர் பார்னாக் சமைத்த லைக்கா, 1925-ல் மாக்ஸ் பெரெக் வகுத்த 50 மில்லிமீட்டர் லென்ஸுடன், கழற்ற முடியாத முகத்தோடு விற்பனைக்கு வந்தது. 1930-ல் 39 மில்லிமீட்டர் திருகு வளையத்துடன் 35, 50, 135 மில்லிமீட்டர் லென்ஸ்கள் மாற்றிப் போடத்தக்கனவாக வெளிவந்தன. முதலில் ஒவ்வொரு லென்ஸும் ஒரு குறிப்பிட்ட காமிராவுக்கென்றே சரிபார்த்துக் கொடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டு லென்ஸ் வளையத்துக்கும் பிலிமுக்கும் இடைப்பட்ட தூரம் ஒன்றாக நிர்ணயிக்கப்பட்டு, எந்த லென்ஸும் எந்த லைக்காவிலும் பொருந்துமாறு செய்யப்பட்டது. அதற்கு அடையாளமாகக் காமிராவின் வளையத்தில் ஒரு பூஜ்யம் பொறித்தார்கள். இன்று அமெச்சூர் உலகம் முழுவதையும் ஆட்டிவைக்கும் 'அடுத்த லென்ஸ் எது' என்ற சிந்தனை, பெருமளவில் அந்தச் சிறு பூஜ்யத்திலிருந்து பெருகியது என்று நான் கருதுகிறேன்.

கூர்மையான லென்ஸ்களுக்கும் ஒரு புதுத் தோஷம் இருந்தது. வில்லைகள் பெருகப் பெருக, காற்றைத் தொடும் ஒவ்வொரு பரப்பும் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பங்கு ஒளியைத் திருப்பி அனுப்பிற்று. அது உள்ளுக்குள் அலைந்து படத்தை வெளுக்கச் செய்தது. களிம்பேறிய பழைய லென்ஸ்கள் புதியவற்றைவிட அதிக ஒளியை விடுகின்றன என்பதை டென்னிஸ் டெய்லர் 19-ஆம் நூற்றாண்டின் முடிவிலேயே கவனித்திருந்தார். அந்தக் களிம்பு செய்த உபகாரத்தை, 1935-ல் ஸைஸ் நிறுவனத்தின் அலெக்ஸாண்டர் ஸ்மாகுலா, வெற்றிடத்தில் படியவைத்த மெல்லிய படலத்தால் சாதித்தார். அது சில காலம் ராணுவ ரகசியமாகவே இருந்தது.

போருக்குப் பின், ஜெர்மன் லென்ஸே லென்ஸ் என்ற பக்தியை அசைத்த சம்பவம் 1950-ல் டோக்கியோவில் நடந்தது. 'லைஃப்' பத்திரிகையின் டேவிட் டக்ளஸ் டங்கனை, ஜப்பானியரான ஜுன் மிகி, மங்கிய வெளிச்சத்தில் 85 மில்லிமீட்டர் நிக்கோர் லென்ஸால் படம் பிடித்தார். பிரதியைப் பார்த்த டங்கன் திகைத்து, நிப்பான் கோகாக்குத் தொழிற்சாலைக்கே சென்று லென்ஸ்களைச் சோதித்தறிந்தார். அதே ஆண்டு மூண்ட கொரியப் போரை அவர் அந்த லென்ஸ்களைக் கொண்டே படமாக்கினார். டிசம்பரில் 'நியூயார்க் டைம்ஸ்' அவற்றைப் பற்றி எழுதிற்று.

அமெச்சூர்களுக்கு இதைவிட உபகாரமாக அமைந்தது, 1949-ல் டிரெஸ்டனில் பிறந்த கான்டாக்ஸ் எஸ் காமிராவின் 42 மில்லிமீட்டர் திருகு வளையம். ஜப்பானின் அஸாஹி பென்டாக்ஸும், ரஷியாவின் ஸெனிட்டும், வேறு பல நாட்டு நிறுவனங்களும் அதையே ஏற்றுக்கொண்டன. ராஜ்யங்கள் பகைத்து நின்ற காலத்தில், கிழக்கு ஜெர்மன் காமிராவில் ஜப்பானிய லென்ஸையும் ரஷிய லென்ஸையும் ஏழை அமெச்சூர் தாராளமாகத் திருகிக்கொண்டார். 2008-க்குப் பின் உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடி இல்லாத டிஜிட்டல் காமிராக்கள் வந்தபோது இந்தப் பழஞ்சரக்குக்கு மறுபிறவி கிடைத்தது. 42 மில்லிமீட்டர் வளையமுள்ள லென்ஸ் பிலிமிலிருந்து 45.46 மில்லிமீட்டர் தூரத்தில் நிற்க வேண்டும். புதிய காமிராக்களில் அந்த இடைவெளி ஏறத்தாழ 20 மில்லிமீட்டர்தான். ஆகவே உள்ளே ஒன்றுமில்லாத ஓர் உலோகக் குழலை நடுவே வைத்தாலே போதும்.

அப்போதுதான் விசித்திரம் நேர்ந்தது. யேனாவில் வகுத்த பயோட்டாரின் வழிவந்த ஹீலியோஸ் 44 என்ற ரஷிய லென்ஸ், பின்னணியில் உள்ள இலைகளையும் விளக்குகளையும் ஓரங்களில் சுழலச் செய்யும். அது தோஷம் என்று ஒரு காலத்தில் ஒதுக்கப்பட்டது, இன்று அதற்காகவே தேடி வாங்கப்படுகிறது. 2013-ல் வியன்னாவின் லோமோகிராஃபி நிறுவனம் பொதுமக்களிடம் முன்பணம் திரட்டி, பெட்ஸ்வாலின் லென்ஸைப் பித்தளை உடலுடனும், துவாரத் தகடுகளைக் கையால் செருகும் பழைய முறையுடனும், ரஷியாவில் புதிதாகச் செய்வித்தது. ஆபேயும் ஷாட்டும் ருடால்ஃபும் பாடுபட்டு நீக்கிய வளைவுக்கு, இப்போது ஜனங்கள் தனியாகப் பணம் கொடுத்தார்கள். காமரான் அம்மையார் இருந்திருந்தால் இதில் ஆச்சரியப்பட்டிருக்கமாட்டார்.

அஸாஹி பென்டாக்ஸுக்கென்று செய்த 1960-களின் டக்குமார் லென்ஸ்கள் சிலவற்றின் கண்ணாடியில் தோரியம் கலந்திருந்தது; ஒளியை நன்றாக வளைப்பதற்காகச் சேர்த்த அந்தப் பொருளின் கதிர்வீச்சால், அவை ஆண்டுகள் செல்லச் செல்லத் தேநீர் நிறத்துக்கு மாறிவிடுகின்றன. புறஊதா விளக்கின் அடியிலோ ஜன்னல் வெயிலிலோ சில நாள் வைத்தால் அந்த மஞ்சள் கலைந்துவிடும். கலைப்பதா வேண்டாமா என்பதில் அமெச்சூர்களுக்குள் இன்றும் ஒருமித்த கருத்தில்லை. மாலை வெயிலின் சாயல் படத்தில் தானே வருகிறது என்று சொல்லி அதை அப்படியே வைத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள்.