125இலிருந்து 145 நாட்: ஆண்ட்ரூ சூறாவளியின் வேகப் பதிவு திருத்தப்பட்ட வரலாறு

1992 ஆகஸ்ட் 24 அன்று விடியுமுன், ஆண்ட்ரூ சூறாவளி மயாமி நகருக்குத் தெற்கே, ஹோம்ஸ்டெட் அருகே புளோரிடாக் கரையைக் கடந்தது. அப்போது அதன் நிலைத்த காற்றின் வேகம் 125 நாட், அதாவது மணிக்குச் சுமார் 230 கி.மீ. என்று அமெரிக்கத் தேசியச் சூறாவளி மையம் மதிப்பிட்டது. சஃபிர்-சிம்ப்சன் அளவுகோலில் அது நான்காம் வகை. பத்தாண்டுகள் கழித்து, 2002 ஆகஸ்டில், அதே மையம் அந்த எண்ணை அடித்துவிட்டு 145 நாட் என்று எழுதியது. மணிக்கு ஏறத்தாழ 270 கி.மீ. வேகத்துடன் ஆண்ட்ரூ ஐந்தாம் வகைக்கு உயர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் அந்தப் புயலைப் பற்றிய அடிப்படை அளவீடுகள் மாறவில்லை. அவற்றைப் படிக்கும் முறைதான் மாறியது. அந்த மாற்றம் எங்கிருந்து வந்தது, அது எவ்வளவு உறுதியானது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

முதலில், எதை அளக்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். அமெரிக்க மரபில் புயலின் வேகம் என்பது தடையற்ற வெளியில், 10 மீட்டர் உயரத்தில், ஒரு நிமிடச் சராசரியாக வீசும் உச்சக் காற்று. இந்திய வானிலை ஆய்வுத் துறை மூன்று நிமிடச் சராசரியைக் கொள்கிறது. ஆகவே இங்கே வரும் எண்களை வங்கக்கடல் புயல்களின் எண்களோடு நேராக வைத்து ஒப்பிடக் கூடாது. அதை நேரடியாக அளக்க, புயலில் எங்கோ ஓரிடத்தில் வீசும் அந்த உச்சக் காற்றின் பாதையில், சரியான உயரத்தில் ஒரு காற்றுமானி நின்று, உடையாமலும் இருக்க வேண்டும். ஆண்ட்ரூ போன்ற சிறிய, இறுகிய புயலில் இது அநேகமாக நடப்பதில்லை.

நடக்கவும் இல்லை. பிஸ்கேன் விரிகுடாவுக்கு வெளியே ஃபோவி ராக்ஸ் கலங்கரை விளக்கத்தில் இருந்த தானியங்கி நிலையம், 44 மீட்டர் உயரத்தில் இரண்டு நிமிடச் சராசரியாக 123 நாட் வேகத்தைப் பதிவு செய்தது. அதன்பின் அங்கிருந்து தகவல் வரவில்லை. கருவி பொருத்திய கம்பம் வளைந்து போயிருந்தது. கோரல் கேபிள்ஸில் இருந்த சூறாவளி மையத்தின் கூரையிலிருந்து ரேடாரையே காற்று பெயர்த்துச் சென்றது. அங்கே பதிவான உச்ச வீச்சு மணிக்கு 264 கி.மீ. பெரைன் பகுதியில் ஒரு வீட்டுக் காற்றுமானி மணிக்கு 341 கி.மீ. காட்டியது. அதே வகைக் கருவியைக் காற்றுச் சுரங்கத்தில் சோதித்த பிறகு அந்த எண் சுமார் 285 கி.மீ. ஆகக் குறைக்கப்பட்டது. வீச்சு என்பது சில நொடிப் பாய்ச்சல். நிலைத்த காற்றாக அதை எடுத்துக்கொள்ள முடியாது. புயலின் மைய அழுத்தமான 922 மில்லிபார் மட்டுமே ஓரளவு உறுதியாகக் கிடைத்தது. அதற்கும் ஹோம்ஸ்டெட் வீடுகளில் இருந்த பாரமானிகளே துணை நின்றன. அமெரிக்கக் கரையில் அதுவரை பதிவானவற்றில் அது மூன்றாவது குறைந்த அழுத்தம்.

எனவே வாதத்தின் மையம் தரையிலிருந்து வானத்துக்கு நகர்ந்தது. கரை கடப்பதற்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்பு, ஏறத்தாழ 3 கி.மீ. உயரத்தில், புயலின் கண்ணைச் சூழ்ந்த மேக வளையமான கண்சுவரின் வடபகுதியைக் கடந்த ஆய்வு விமானம் 162 நாட் காற்றை அளந்தது. இதில் யாருக்கும் ஐயமில்லை. கேள்வி இதுதான்: மேலே 162 என்றால் கீழே எவ்வளவு? கடற்பரப்போடு உராய்வதால் காற்று தளரும் என்பது தெரிந்ததே. எவ்வளவு தளரும் என்பதற்கு 1992இல் நல்ல சான்று இல்லை. விமான மட்டக் காற்றில் 75 முதல் 80 விழுக்காடு கீழே வரும் என்பது அன்றைய வழக்கு. 162இல் 77 விழுக்காடு 125. நான்காம் வகை என்ற முடிவு இந்தக் கணக்குக்கு மிகவும் பொருந்தி நிற்கிறது.

இந்த விகிதம் சரிதானா என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும் என்று இன்று சொல்வது எளிது. ஆனால் கண்சுவருக்குள் காற்றைப் படிப்படியாக, சில மீட்டர் இடைவெளியில் அளந்து வரும் கருவி அன்று இல்லை. 1997இல் ஜி.பி.எஸ். டிராப்சோண்ட் வழக்கமான பயன்பாட்டுக்கு வந்தது. விமானத்திலிருந்து போடப்படும் இந்த மெல்லிய குழாய் ஒரு சிறு பாராசூட்டில் இறங்கும்போது, நொடிக்கு இருமுறை தன் இடத்தையும் காற்றையும் அனுப்பிக்கொண்டே கடலில் விழும். நூற்றுக்கணக்கான கண்சுவர் இறக்கங்களைத் தொகுத்து ஆராய்ந்த ஜேம்ஸ் ஃபிராங்க்ளின், மைக்கேல் பிளாக் உள்ளிட்டோர், கண்சுவரில் உச்சக் காற்று தரைக்கு மேலே சுமார் 500 மீட்டரில் இருப்பதைக் கண்டனர். மேற்பரப்புக் காற்று 3 கி.மீ. உயரக் காற்றில் சராசரியாக 90 விழுக்காடு என்பதும் தெரிந்தது. 162இல் 90 விழுக்காடு 146. அன்று 135 நாட்டைத் தாண்டினால் ஐந்தாம் வகை.

1851 முதலான அட்லாண்டிக் புயல் பதிவுகளை மறு ஆய்வு செய்துவந்த கிறிஸ்டோபர் லேண்ட்சீயும் பிறரும் இந்த வாதத்தை முன்வைக்க, மையத்தின் குழு 2002இல் அதை ஏற்றது. முடிவுக்கு மாற்றுக் கருத்தும் இருந்தது. மார்க் பவல் குழுவினர் 1996இல் வெளியிட்ட தரைமட்டக் காற்றுப் பகுப்பாய்வு பழைய மதிப்பை ஒட்டியே நின்றது. ஆழ்கடலில் போட்ட டிராப்சோண்டுகளின் சராசரி, ஆழம் குறைந்த விரிகுடாவுக்கும் கரைக்கும் அப்படியே பொருந்துமா என்ற கேள்வி எளிதில் தள்ளிவிடக் கூடியதல்ல. அதே பவல், 2003இல் டிராப்சோண்ட் தரவுகளைக் கொண்டே, மிக உயர்ந்த வேகங்களில் கடற்பரப்பின் இழுவை எதிர்பார்த்த அளவுக்குக் கூடுவதில்லை என்று நிறுவினார். கீழே காற்று அதிகம் தளர்வதில்லை என்ற கருத்துக்கு அது வலு சேர்த்தது. என் கருத்தில், 2002இன் முடிவு முறையளவில் சரியானது. ஒரு புயலுக்கென்று தனி விகிதம் கிடைக்காதபோது, பல புயல்களில் அளந்த விகிதத்தை ஏற்பதே நேர்மை.

இந்த எண்ணுக்குப் பின்னால் வீடுகள் இருந்தன. புளோரிடாவில் 60,000க்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. சேதம் 2,500 கோடி டாலர் அளவுக்குச் சென்றது. பல காப்பீட்டு நிறுவனங்கள் நொடித்துப்போயின. டேட் கவுன்ட்டியில் மோசமான கட்டுமானமும் தளர்ந்த ஆய்வும் பொதுவிவாதமாயின. காற்று அளவு மீறியதா, ஆணி போதவில்லையா என்ற வழக்கில் வேக எண்ணே சாட்சியாக நின்றது. ஐந்தாம் வகை என்ற அறிவிப்பைக் கட்டியவர்களுக்குக் கிடைத்த விடுதலையாக வாசிப்பது பிழை. மறு ஆய்வே சொல்வது போல, ஐந்தாம் வகைக் காற்று நிலத்தைத் தொட்டது கட்லர் ரிட்ஜ் அருகே கரையோரச் சிறு பகுதியில் மட்டுமே. உள்நாட்டில் கூரை இழந்த பெரும்பாலான வீடுகள் சந்தித்த காற்று அதைவிடக் குறைவு. சேதத்தின் வடுக்கள் கோடு கோடாக இருந்ததற்கு, தரையருகே தோன்றிய சிறு சுழல்களே காரணம் என்று வானிலை ஆய்வாளர் டெட் ஃபுஜிட்டா விளக்கினார். அப்படியானால் அடுத்தடுத்த இரு தெருக்களின் காற்றைக்கூட ஒரே எண்ணால் சொல்ல இயலாது.

பின்வந்த புயல்கள் இந்த அனுபவத்தைச் சோதித்தன. 2005இல் கத்ரீனா 920 மில்லிபாரில், ஆண்ட்ரூவைவிடக் குறைந்த அழுத்தத்தில், லூசியானாவின் பியூராஸ் அருகே கரை கடந்தது. நான்காம் வகை என்று அன்று அறிவிக்கப்பட்டது, பின்னர் 110 நாட், மூன்றாம் வகை என்று திருத்தப்பட்டது. கத்ரீனா அகன்ற புயல்; அழுத்தச் சரிவு பரந்து கிடந்ததால் உச்சக் காற்று குறைந்தது, கடல் எழுச்சியோ பேரழிவாயிற்று. 2018இல் மெக்சிகோ பீச் அருகே கரை கடந்த மைக்கேல் 135 நாட் என்று அறிவிக்கப்பட்டு, அடுத்த ஏப்ரலில் 140 நாட் என, ஐந்தாம் வகையாக உயர்த்தப்பட்டது.

மைக்கேலில் மாற்றம் ஐந்து நாட்தான். பதிவேடும் ஐந்து நாட் படிகளில்தான் எழுதப்படுகிறது. லேண்ட்சீயும் ஃபிராங்க்ளினும் 2013இல் மதிப்பிட்டபடி, அமெரிக்கக் கரையைக் கடக்கும் பெரும் சூறாவளிகளின் வேகத்தில் சுமார் 10 நாட் ஐயம் இருக்கிறது. ஆண்ட்ரூவின் 145இலிருந்து 10ஐக் கழித்தால் நிற்பது 135, அன்றைய நான்காம் வகையின் மேல் எல்லை. பதிவேட்டில் இந்த ஐயத்துக்கென்று ஒரு பத்தி இல்லை. 145 நாட் என்ற எண்ணுக்குப் பக்கத்தில் அதன் ஐய வரம்பையும், எந்த விகிதத்தால் அந்த எண் பெறப்பட்டது என்பதையும் சேர்த்து அச்சிட வேண்டும். கட்டட விதிகளை எழுதுவோரும் காப்பீட்டைக் கணக்கிடுவோரும் இந்தப் பதிவேட்டைத்தான் திறக்கிறார்கள்.